கீலியின் செவ்வாய்க்கிழமைகள்

கீலி ஹன்ரஹன் குழம்புக் கரண்டியை நக்கித்தான் தன் ரத்தத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்று முல்லகாங் ஊர் மதுக்கடையில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்கிறவன் வாயில் ஒரு பிடி கம்பளியைத் திணிக்கலாம் போல இருக்கிறது எனக்கு. அவள் நக்கவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் கிளெம். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் குழுவில் மூட்டை கட்டுகிறவன். கத்தரித்துப் போடும் கம்பளியை இயந்திரத்தில் திணித்து, அழுத்தி, கொக்கி மாட்டி, எடை போட்டு, பண்ணையின் பெயரை அச்சடித்து உருட்டி விடுவேன். முப்பத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு. ஒரு பொருளைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். மூட்டையானாலும் ஆடானாலும் ஆளானாலும் ஒரு கிலோவுக்கு மேல் பிசகாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கீலி எங்கள் சமையல்காரி. வயது முப்பத்தெட்டு. பண்ணைக்குப் பண்ணை எங்களோடு அலைந்து, பன்னிரண்டு பேருக்கு நாளைக்கு ஐந்து முறை பரிமாறுவாள். அவள் செய்கிற ஆட்டுத்தொடை வறுவலுக்காகவே வேறு குழுவிலிருந்து எங்கள் குழுவுக்குத் தாவி வந்தவர்கள் உண்டு. ஆனால் அவள் பிறந்ததிலிருந்து ஒரு துண்டு இறைச்சி வாயில் வைத்ததில்லை. முட்டை இல்லை, பால் இல்லை, பாலாடைக்கட்டி இல்லை, நாம் தின்கிற ரொட்டி கூட இல்லை. பி.கே.யூ. என்று ஒரு பிறவிக் கோளாறு. புரதத்தில் இருக்கிற ஒரு அமிலத்தை அவள் உடம்பால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் மூளைக்குக் கேடு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கிற ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பழம், காய்கறி, அளந்து வைத்த உருளைக்கிழங்கு, தபாலில் வருகிற ஒரு தனி மாவில் சுட்ட ரொட்டி, மூன்று வேளையும் ஒரு மாவுப்பால். அந்த அமிலத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்ற சத்தையெல்லாம் போட்டு அடைத்த மாவு அது. அதன் வாடை இருக்கிறதே, நனைந்த கம்பளியோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே குமட்டும்.

உப்பு பார்க்கிற வேலை ஹெமிக்கு. நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரி இனத்துக்காரன், எங்கள் குழுவில் வேகமான கை அவனுடையது. சமையலறைக் கதவில் தலையை நீட்டி, "கீலிம்மா, கரண்டிய நீட்டு, தலைமைச் சோதனை அதிகாரி வந்துட்டாரு" என்பான்.

"அதிகாரி முதல்ல கைய கழுவிட்டு வரட்டும். ஆட்டுப் புழுக்கைய குழம்புல கலக்குறதுக்கா உன்ன வேலைக்கு வச்சிருக்கு?"

இப்படித்தான் எப்போதும். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் காலைச் சாப்பாட்டுக்கு முகம் கழுவிக்கொண்டு வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் வேறு ஆள். அன்று விடிந்ததும், வாயில் எதுவும் படுவதற்கு முன், விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு தடித்த அட்டையில் அச்சிட்ட வட்டங்களை ரத்தத்தால் நிரப்ப வேண்டும். அட்டை காய்ந்ததும் உறையில் போட்டுத் தபால் வண்டிக்காரனிடம் கொடுப்பாள். அது நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். வெள்ளிக்கிழமை ரோவினா கூப்பிடுவாள். ரோவினா அங்கே சத்துணவு பார்க்கிற அம்மாள். கீலி பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அவளுக்குப் படியளப்பவள். பண்ணைகளில் போன் எடுக்கிற இடம் என்று பார்த்தால் தண்ணீர்த்தொட்டியின் ஏணிதான். கீலி ஏணியில் ஏறி, போனைத் தலைக்கு மேலே பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். ஆக, அவள் ரத்தத்தின் நம்பர் எங்கள் பன்னிரண்டு பேருக்கும், கேட்க நினைத்தால் ஆடுகளுக்கும் தெரியும்.

அந்த வருடம் நம்பருக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருந்தது. கீலிக்குப் பிள்ளை வேண்டும். அவள் புருஷன் டார்சி, நானூறு கிலோமீட்டர் தள்ளி, முல்லகாங்கில் கோதுமை லாரி ஓட்டுகிறான். அதிகம் பேசாத பிறவி. தாயின் ரத்தத்தில் அந்த அமிலம் ஏறியிருந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் இதயத்தையும் அது கெடுத்துவிடும். அதனால் ஐந்து வாரம் தொடர்ந்து நம்பர் இருநூற்றைம்பதுக்குக் கீழே நின்றால்தான் கர்ப்பத்துக்குச் சம்மதிப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இடையில் ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து.

வருடத் தொடக்கத்தில் வீட்டில் இருந்தபோது மூன்று வாரம் நன்றாக வந்தது. வேலைக்குக் கிளம்பிய வாரம் முந்நூற்றுப் பத்து. ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நான்கு வாரம் வீட்டில், நான்கும் சுத்தம். ஐந்தாவது வாரம் ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்கு வந்தாள், முந்நூற்று நாற்பது. அதற்குப் பிறகு ஒரு வாரம் கூடச் சரியில்லை. ஆகஸ்டில் ஏணியில் நின்றபடி, நானூற்றுப் பன்னிரண்டு என்று ரோவினா சொல்லக் கேட்டாள்.

"கீலி, கண்ணு," என்றது ரோவினாவின் குரல், "நீ அனுப்புன சாப்பாட்டு டைரிய வரிக்கு வரி பாத்துட்டேன். ஒரு குறை இல்ல. எல்லாம் அளவா இருக்கு. அப்புறம் எப்படி ஏறுது? எழுத மறந்தது ஏதாவது..."

"நான் எதையும் திருடித் தின்னல, ரோவினா."

"திருடினேன்னு நான் சொல்லல. சமைக்கிறப்ப கை தவறி, நாக்குல..."

"படலன்னா படல!"

அவள் ஏணியிலிருந்து இறங்கி எங்களைத் தாண்டிப் போனபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மதியக் குழம்பு கரித்துக் கொட்டியது. ஹெமி ருசி பார்த்து, கண்ணில் தண்ணீர் வர, "பிரமாதம்" என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சந்தேகப்பட்டேன். அன்று மதியத்துக்கு மேல் முழுக்கச் சமையலறை ஜன்னல் பக்கமாக மூட்டைகளை உருட்டி உருட்டி அவளை வேவு பார்த்தேன். அவள் கரண்டியை வாய்க்குக் கொண்டு போகவே இல்லை. மூக்குக்குக் கொண்டு போனாள், அவ்வளவுதான். சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"யோவ் கிளெம், இந்த சீசன் முடியுறதுக்குள்ள அஞ்சு வரலன்னா நான் விட்டுடப் போறேன். எனக்கும் வயசாகுது. டார்சிகிட்ட இன்னும் சொல்லல."

"அவன் என்ன சொல்லுவான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான். சரின்னுட்டு லாரியத் தொடைக்கப் போயிடுவான். அதுதான்யா தாங்க முடியல."

சீசன் முடிய ஆறு வாரம் பாக்கி இருந்தது. நான் அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தட்டைத் துடைத்து அடுக்கி வைத்தேன். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை, ஒரு பண்ணை வேலை முடிந்த நாள். அப்படிப்பட்ட நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பளி மூட்டை நிறுக்கிற தராசு மேடையில் ஒவ்வொருவராக ஏறுவார்கள். ஏறுவதற்கு முன் நான் எடை சொல்ல வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் தப்பினால் அன்றைக்குக் கழிவறை கழுவுவது நான், தப்பாவிட்டால் ஏறியவன். அந்தப் பக்கமே நான் போனதில்லை என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஹெமிக்கு நூற்றுப் பதினெட்டு என்றேன். நூற்றுப் பதினெட்டே கால். டஸ்டி என்கிற ஒல்லிப் பையலுக்கு அறுபத்தாறு. சரி. கீலியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். முழங்கால் வரை தொங்குகிற டார்சியின் பழைய ஸ்வெட்டர், அதற்கு மேல் ஏப்ரன்.

"சமையல்காரிய ஏத்துங்கடா!" என்று கூச்சல்.

"எனக்கு வேலை கெடக்கு," என்றாள் அவள். ஹெமி ஒரு கையால் அவளைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டான். வைத்தவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

"ஐம்பத்தேழு," என்றேன்.

தராசு ஐம்பத்தொன்று காட்டியது.

கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். என் கையில் கழிவறைத் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "தராசு தப்பு!" என்று கத்தினேன். "ஆறு கிலோ தப்பு விடுற கண்ணாடா இது?" இருபது கிலோ படிக்கல்லைக் கொண்டுவந்து வைத்தேன். இருபது காட்டியது. இரண்டு கல் வைத்தேன். நாற்பது. ஹெமியை மறுபடி ஏற்றினேன், அதே நூற்றுப் பதினெட்டே கால். கீலியை மறுபடி ஏறச் சொன்னேன். ஐம்பத்தொன்று, ஸ்வெட்டரும் பூட்ஸும் சேர்த்து.

தராசு சரி. என் கண்ணும் சரிதான், அந்த ஸ்வெட்டருக்குள் பழைய கீலி இருந்திருந்தால். சீசன் தொடக்கத்தில் இதே மேடையில் ஐம்பத்தேழரை நின்றவள் அவள். சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"தூக்குறப்பவே நெனச்சேன்," என்றான் ஹெமி மெதுவாக. "வெறும் துணியத் தூக்குற மாதிரி இருந்துச்சு."

"கீலி, நீ சாப்பிடுறியா இல்லையா?" என்றேன்.

"சாப்பிடுறேன்."

"எப்போ?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, பத்து வயசுப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்கிற குரலில், "செவ்வாய்க்கு அப்புறம்," என்றாள்.

மெதுவாகத்தான் வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்தே இது அவள் பழக்கம். அட்டை எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் வாயைக் கட்டுவாள், அப்போதுதான் நம்பர் நல்லதாக வரும் என்று. அவளைப் போன்ற பிள்ளைகள் எல்லோருமே செய்வார்களாம். கோடை முகாமில் சந்திக்கும்போது தங்களைத் 'திங்கள்கிழமைச் சாமியார்கள்' என்று கூப்பிட்டுக்கொள்வார்களாம். வீட்டில் இருந்தால் டார்சி விட மாட்டான். கிழங்கை அளந்து பொரித்து, அவள் தின்று முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருப்பான். கொட்டகையில் கேட்க ஆளில்லை. முந்நூற்றுப் பத்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமையும் பட்டினி. முந்நூற்று நாற்பது வந்ததும் சனிக்கிழமையும். மாவுப்பாலை மட்டும் குடித்துக்கொண்டு, விடியற்காலை நாலரையிலிருந்து நின்றபடி பன்னிரண்டு தடியர்களுக்குச் சமைத்துக் கொட்டியிருக்கிறாள்.

"அப்போ டைரி?" என்றான் டஸ்டி.

"என்ன சாப்பிடணுமோ அத எழுதினேன்."

"ஏறு ஏணில," என்றேன். "இப்பவே அந்தம்மாவக் கூப்பிடு. இல்லன்னா நான் கூப்பிடுறேன்."

சனிக்கிழமை மாலை. ரோவினா தோட்டத்தில் ஏதோ வேலையாக இருந்தாள் போல, மூச்சு வாங்க எடுத்தாள். கீலி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு ஸ்பீக்கரில் வெடித்தது.

"அடிப் பாவி! முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். தின்னத மறைச்சு எழுதினவங்கள நூறு பேர் பாத்துட்டேன். தின்னாதத எழுதினவ நீ ஒருத்திதான்டி!"

"நம்பர் கொறையும்னு..."

"எப்படிக் கொறையும்? வெளியிலிருந்து சோறு வரலன்னா உடம்பு சும்மா இருக்குமா? உன் சதையவே கரைச்சுத் தின்னும். சதைன்னா என்ன? புரதம். அதுக்குள்ளயும் அதே அமிலந்தான் இருக்கு. நீ ஆறு கிலோ இறைச்சி தின்னுருக்க கீலி, உன் இறைச்சிய!"

ஹெமி கையிலிருந்த தொப்பியைக் கீழே போட்டுவிட்டான்.

"நானும் சரியில்ல," என்றது போன், இப்போது தணிந்த குரலில். "இந்த வருஷம் உன்ன நேர்ல வரச் சொல்லி எடை மெஷின்ல ஏத்தியிருக்கணும். டைரிய நம்பிட்டேன். உன்ன சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கோ கண்ணு."

கீலி ஏணியின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் பன்னிரண்டு ஆம்பிளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர்த்தொட்டியை முறைத்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. சாப்பிடு. நிறையச் சாப்பிடு. எண்ணெய், சர்க்கரை, தேன், ஜவ்வரிசி, அந்தத் தனி மாவு ரொட்டியில் விரல் கனத்துக்கு ஜாம்; அளந்த கிழங்கை மட்டும் அளந்தபடி. திங்கள் இரவு வயிறு நிறையாமல் படுக்கக் கூடாது. அடுத்த வாரமே பக்கத்து டவுனில் இரும்புச்சத்து, துத்தநாகம், பி-பன்னிரண்டு, எலும்பு என்று வருடாந்தரச் சோதனை எல்லாம் முடித்தாக வேண்டும். (போய்ப் பார்த்ததில் இரும்புச்சத்து குறைவு என்று வந்தது, மாத்திரை கொடுத்தார்கள்.) வாரா வாரம் எடை பார்த்து அனுப்ப வேண்டும்.

"அங்க நம்பகமான தராசு இருக்கா?" என்று ரோவினா கேட்டாள்.

ஏணிக்குக் கீழிருந்து நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. கீலி எங்களுக்குச் சமைப்பாள். எங்கள் ஆட்கள் அவளுக்குச் சமைத்தார்கள். டஸ்டி பாயசம் மாதிரி ஒன்றை ஜவ்வரிசியில் கிண்டினான். அதை வைத்து மூட்டை ஒட்டியிருக்கலாம். ஹெமி கிழங்கைக் கிராம் கிராமாக நிறுத்து, ஒரு கிராம் கூடினால் நுனியைக் கடித்துத் துப்பி, மறுபடி நிறுத்தான்.

"யோவ், எச்சில் பண்ணின கிழங்கயா எனக்குப் போடுற?"

"கொதிக்கிற எண்ணெயில போடுறேன் தாயி, எச்சில் செத்துரும். தின்னு."

திங்கட்கிழமை ராச்சாப்பாட்டுக்கு அவள் தட்டு காலியாகும் வரை எங்கள் மேஜையிலிருந்து ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். அவளும் திட்டிக்கொண்டே தின்பாள். முதல் வாரம் முந்நூற்று ஐந்து. அது கணக்கில் சேராது என்றாலும் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் இருநூற்று நாற்பது. ஒன்று. பிறகு இருநூற்றுப் பத்து. இரண்டு. இருநூற்றுப் பதினெட்டு. மூன்று.

நான்காவது வாரம் டஸ்டி சளிக் காய்ச்சலைக் கொண்டுவந்து அவளுக்கு ஒட்டவைத்தான். காய்ச்சலிலும் உடம்பு சதையைக் கரைக்குமாம். அவனைக் கம்பளி இயந்திரத்தில் போட்டு அழுத்தி மூட்டையாக அனுப்பிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன், ஆதரவும் இருந்தது. ரோவினா சொன்னபடி மணிக்கொரு முறை இனிப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தோம். நான் என் வேலையை விட்டுவிட்டு டம்ளரோடு ஓடிக்கொண்டிருந்ததில் மூட்டைகள் தேங்கிப் போயின. வெள்ளிக்கிழமை இருநூற்று நாற்பத்தொன்பது. நான்கு. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பியதற்கு நான் சாமி கும்பிட்டேன். நான் சர்ச்சுக்குப் போய் இருபது வருடம் இருக்கும்.

ஐந்தாவது வாரம்தான் சீசனின் கடைசி வாரம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒருத்தனுக்கும் வேலை ஓடவில்லை. ஹெமியே ஒரு ஆட்டைக் கீறிவிட்டான். பதினொன்றரைக்கு ரோவினா கூப்பிட்டாள். கீலி ஏணியில் இருந்தாள். கொட்டகைக்குள் கத்தரி மெஷின்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"கீலி, உக்காந்திருக்கியா?"

"ஏணில நிக்கிறேன். சொல்லித் தொலை!"

"நூற்று எண்பத்தேழு."

அவள் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறினாள். "அஞ்சு ஆச்சு கண்ணு," என்றாள் ரோவினா. "டாக்டர் சரின்னுட்டாரு. இனிமே வாரத்துக்கு ரெண்டு அட்டை. நான் கூடவே இருக்கேன்."

அடுத்து அவள் டார்சிக்குப் போட்டாள். அவனுக்கு லாரி இரைச்சல், இவளுக்குச் சரியாக எடுக்காத போன். ஆகவே கத்தினாள். "டார்சி! அஞ்சு வந்துருச்சு! நாம பெத்துக்கலாம்! ஆமா! இப்போ! இல்லடா, இப்பவேன்னா இப்பவே இல்ல!" கொட்டகையில் தொப்பிகள் பறந்தன. மேய்ச்சலில் இருந்த ஆடுகள் வேலி ஓரமாக மிரண்டு ஓடின.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மறுநாள் அவளே வீட்டுக்குக் கிளம்பப் போகிறாள்; அதற்குள் என்ன அவசரம் என்றுதான் நான் நினைத்தேன். டார்சி இறங்கினான். எங்களைப் பார்த்துத் தலையாட்டினான். வண்டியின் பின்புறம் போய், தார்ப்பாயை அவிழ்த்தான். உள்ளே ஒரு தொட்டில் கட்டில், கழற்றிக் கட்டி வைத்தது. சாயம் பூசி வழவழவென்று இருந்தது. கம்பிகளின் இடுக்கில் கோதுமைத் தூசு படிந்திருந்தது.

"எப்போ வாங்குன?" என்றாள் கீலி.

"வாங்கல. செஞ்சேன்."

"எப்போடா?"

"மூணு வருஷம் ஆச்சு. லாரிக் கொட்டகையில, டயருக்குப் பின்னாடி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

டார்சி காதைச் சொறிந்தான். "சொன்னா நீ அதுக்காக இன்னும் பட்டினி கெடப்பியோன்னு பயந்தேன்," என்றான்.

நான் அவன் பேசிக் கேட்டதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். கீலி அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இரண்டும் கேட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்வதில் என்ன வெட்கம்? கொண்டுவந்ததை அங்கேயே பூட்டிப் பார்த்தாக வேண்டும் என்று ஹெமி அடம்பிடித்தான். கொட்டகை நடுவில் வைத்துப் பூட்டினோம். ஒரு திருகு வழியில் எங்கோ விழுந்திருந்தது. நான் என் பெட்டியிலிருந்து அந்த அளவில் ஒன்றைத் தேடி எடுத்து இறுக்கிக் கொடுத்தேன்.